பழைய லேண்ட் மாஸ்டரும் பெட்டியும் வாங்கப் போகிறீர்களா? இழுப்பதைப் பார்க்காதீர்கள், நிற்பதைப் பாருங்கள்

சாமான் ஏற்றி இறக்கும் வாடகையிலேயே இலாபத்தில் பாதி கரைந்துவிடுகிறது என்று கவலைப்படாத சிறு வியாபாரி எம்மில் குறைவு. ஹாட்வெயார் கடைக்காரருக்கு சீமெந்தும் மணலும், அரிசி ஆலைக்காரருக்கு நெல் மூடையும், தேங்காய் வியாபாரிக்குத் தோட்டத்திலிருந்து கடை வரையான தூரமும் தினசரிச் செலவுதான். லொறி வாங்க முதல் போதாது. அப்படியானால் கைக்கு எட்டுவது ஒன்றே ஒன்று: பாவித்த இரு சக்கர உழவு இயந்திரமும் அதன் பின்னால் கொழுவும் பெட்டியும். ஊர் வழக்கில் லேண்ட் மாஸ்டர்.

விற்பவர் என்ன சொல்வார் என்பது எமக்குத் தெரியும். "முதலாளி, நாற்பது மூடை சீமெந்து ஏத்துங்க. சும்மா இழுக்கும்." அவர் பொய் சொல்லவில்லை. மெதுவான கியரில் ஓடும் டீசல் எஞ்சின் சமதரையில் அதை இழுக்கத்தான் செய்யும். ஆனால் வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல. "நாற்பது மூடையோடு இது எங்கே நிற்கும்?" என்பதே கேள்வி.

எடைக் கணக்கு

சீமெந்து மூடை ஒன்று 50 கிலோ. நாற்பது மூடை 2 தொன். பெட்டியின் சொந்த எடை இதற்குள் வரவில்லை. முன்னால் இழுக்கும் மெஷினோ பொதுவாக அரைத் தொன்னுக்கும் குறைந்தது. அதாவது இழுப்பவனைப் போல் நான்கு மடங்கு எடை பின்னால் வருகிறது. பிரேக் பிடிக்கும்போது அந்த எடை மெஷினைத் தள்ளிக்கொண்டு முன்னே வரப் பார்க்கும். மெஷின் ஒரு பக்கம் மடங்கி, பெட்டி மறுபக்கம் புரளும் விபத்துகளுக்கு இதுவே காரணம்.

மணலில் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு கியூப் என்பது 100 கன அடி. காய்ந்த மணலே கியூப் ஒன்று நாலரைத் தொன் அளவில் வரும். ஈர மணல் அதைவிடக் கூடும். "அரைக் கியூப்தானே" என்று ஏற்றினால் 2 தொன்னைத் தாண்டிவிட்டீர்கள். கால் கியூப் ஏற்றினாலே ஒரு தொன்னுக்கு மேல்.

ஆகவே பாவித்த பெட்டிக்கு ஒரு தொன்னை மேல் எல்லையாக வைத்துக்கொள்வது புத்தி. இருபது மூடை. இரண்டு நடை போனால் டீசல் சற்றுக் கூடும். ஒரு விபத்தின் செலவோடு ஒப்பிட்டால் அது செலவே அல்ல.

வாங்கும் முன் பெட்டியைப் பாருங்கள்

எம்மவர் எஞ்சினை ஸ்டார்ட் செய்து புகையின் நிறத்தைப் பார்ப்பதிலேயே நேரத்தைச் செலவிடுகிறார்கள். பெட்டியை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. உயிரைக் காப்பதும் பறிப்பதும் பெரும்பாலும் பெட்டிதான். பார்க்க வேண்டியவை இவை:

கொழுவி: பெட்டியை மெஷினோடு இணைக்கும் பின்னையும் அது நுழையும் ஓட்டையையும் கவனியுங்கள். வட்டமான ஓட்டை தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தால் ஒவ்வொரு குலுக்கலிலும் அங்கே அடி விழுகிறது என்று பொருள். பின் கழன்றுவிடாமல் பூட்டும் கிளிப் இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஆணியோ கம்பித் துண்டோ செருகியிருந்தால், விற்பவர் பெட்டியைப் பராமரித்த விதம் அதிலேயே தெரிந்துவிடும். பின் உடைந்தாலும் பெட்டி தனியே ஓடாமலிருக்க ஒரு தடித்த சங்கிலியும் போடுவித்துக் கொள்ளுங்கள்.

சட்டம்: புதிய பெயின்ற் பூசியிருந்தால் சந்தேகியுங்கள். ஒட்டு வெடிப்பையும் துருவையும் மறைக்க அதுவே மலிவான வழி. பலகையைத் தூக்கி அடியில் உள்ள இரும்பைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கொழுவியின் நடுவிலிருந்து அச்சின் இடது முனைக்கும் வலது முனைக்கும் நூல் பிடித்து அளவுங்கள். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் அச்சு விலகியோ வளைந்தோ இருக்கிறது. அந்தப் பெட்டி நேரே வராது, டயரையும் தின்னும்.

பெயாரிங்: ஜக் வைத்து ஒவ்வொரு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றுங்கள். கறகறவென்ற சத்தம் வரக்கூடாது. மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் இருக்கக்கூடாது. வாங்கியதும் கழற்றிக் கழுவிப் புதுக் கிறீஸ் போடுவது முதல் வேலையாக இருக்கட்டும்.

டயர்: பூ நன்றாக இருக்கிறது என்று திருப்திப்படாதீர்கள். மாதக் கணக்கில் வெயிலில் நின்ற டயரின் பக்கச் சுவர் வெடித்திருக்கும். பெரும்பாலான டயர்களில் செய்த திகதி நான்கு இலக்கமாகப் பக்கத்தில் பதிந்திருக்கும். 3517 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். பூ தேயாத பத்து வருட டயர் நல்ல டயர் அல்ல. பாரத்தோடு வெடிக்கக் காத்திருக்கும் டயர்.

பிரேக்: சாரதி காலால் மிதிக்கும் பிரேக் பெட்டியின் சக்கரங்களில்தான் பிடிக்கிறது. வெறும் பெட்டியோடு மண் தரையில் ஓட்டி மிதித்துப் பாருங்கள். இரு சக்கரங்களும் ஒரே மாதிரிக் கோடு இழுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் பாரத்தோடு பெட்டி அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு திரும்பும்.

கண்ட குறைகளையெல்லாம் தாளில் எழுதி, நம்பிக்கையான மெக்கானிக்கிடம் விலை கேளுங்கள். கேட்ட விலையோடு அந்தத் தொகையையும் கூட்டினால் வருவதே உண்மையான விலை. பேரம் பேசவும் அந்தத் தாள் உதவும்.

ஆவணங்கள்

மெஷின், பெட்டி இரண்டினதும் பதிவைக் கேளுங்கள். எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். லீசிங் கம்பனியின் பெயர் அதிலிருந்தால், கடன் முடிந்ததற்கான கடிதமின்றி முற்பணம் கொடுக்க வேண்டாம். கடைச் சாமான் ஏற்றுவதற்கே வாங்குகிறீர்கள் என்பதைக் காப்புறுதிக் கம்பனியிடம் முன்கூட்டியே சொல்லி, அது காப்புறுதிக்குள் அடங்குகிறதா என எழுத்தில் பெறுங்கள்.

ஓட்டப்போகும் தம்பிக்கு உரிய சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். இரு சக்கர உழவு இயந்திரத்துக்கான வகுப்பு ஜீ1. மோட்டார் சைக்கிள் லைசன் இதற்குச் செல்லாது. விபத்து என்று வந்தால் நீதிமன்றத்தில் நிற்பது அந்தத் தம்பி மட்டுமல்ல, மெஷினைக் கொடுத்தனுப்பிய முதலாளியும்தான்.

சுமையை எங்கே வைப்பது?

பெட்டியின் அச்சைத் தராசின் நடுமுள்ளாக நினையுங்கள். பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போது கொழுவி மெதுவாகக் கீழே அழுந்தி மெஷினின் சக்கரங்களுக்குப் பிடிப்பு கிடைக்கும். பாரம் பின்னால் போனால் கொழுவி மேலெழும். சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். பெட்டி வாலாட்டத் தொடங்கும். முழுப் பாரத்தையும் முன்னால் குவித்தாலும் பிழை. கொழுவி அளவுக்கு மீறி அழுந்தி எஞ்சின் பக்கம் தூக்கும். வெளிநாடுகளில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் மடிப்புக் கூடார வண்டிக்கும் இதே விதிதான்.

வியாபாரிகள் இங்கே ஒரு விடயத்தைக் கவனிப்பதில்லை. ஏற்றும்போது சரியாக ஏற்றுகிறோம். முதல் கடையில் முன்பக்கச் சாமானை இறக்குகிறோம். மிச்சம் முழுவதும் பின்னால் நிற்கிறது. விபத்து இரண்டாவது கடைக்குப் போகும் வழியில் நிகழ்கிறது. ஆகவே முதலில் இறங்க வேண்டியதைப் பின்னால் ஏற்றுங்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு இடத்திலும் மிச்சத்தை முன்னே நகர்த்திய பின்பே புறப்படுங்கள். 20 அடிக் கம்பி ஏற்றும்போது பின்னால் நீளும் பகுதியின் பாரத்தையும் கணக்கில் எடுங்கள். அதன் நுனியில் சிவப்புத் துணி கட்டுங்கள். சாமானுக்கு மேலோ, கொழுவிக் கம்பியிலோ ஆளை ஏற்ற வேண்டாம்.

இறக்கத்தில் கைப்பிடி மாறும்

புதிதாக ஓட்டுபவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்காமல் மெஷினைக் கொடுக்கக்கூடாது. சமதரையில் இடது கைப்பிடிக் கிளச்சை அழுத்தினால் இடது சக்கரத்துக்கு எஞ்சினின் உந்துதல் நின்றுவிடும்; வலது சக்கரம் ஓடும்; மெஷின் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் நிலைமை தலைகீழ். அங்கே எஞ்சின் சக்கரங்களைத் தள்ளவில்லை, பிடித்து வைத்திருக்கிறது. இடது கிளச்சை அழுத்தினால் அந்தப் பிடி விடுபட்டு, பின்பாரம் தள்ள, இடது சக்கரம் வேகமாக ஓடும். மெஷின் வலப்பக்கம் திரும்பும். இடப்பக்கம் ஒதுங்க நினைத்தவர் நடுவீதிக்குப் போய்விடுவார்.

அக்குறணை, மாவனல்லை போன்ற மலைப்பாங்கான ஊர்களுக்கு மட்டும் உரிய ஆபத்தல்ல இது. சமதரையான கிழக்கிலும் பாலத்து இறக்கமும் வாய்க்கால் கட்டும் உண்டு. இறக்கம் தொடங்கும் முன்பே மெதுவான கியருக்கு மாற்றிவிட வேண்டும். இடையில் கியர் மாற்றவோ நியூட்ரலில் விடவோ கூடாது. பெட்டியின் பிரேக்கை மெதுவாக மிதித்தபடி, கைப்பிடிக் கிளச்சைத் தொடாமல், கைப்பிடியைத் தள்ளித் திருப்ப வேண்டும்.

இரவில் பின்னால் வருபவர்

லேண்ட் மாஸ்டரின் வேகம் மணிக்குச் சுமார் 15 கிலோமீற்றர். பின்னால் வரும் வேனின் வேகம் 60 என்று வைப்போம். இடைவெளி செக்கனுக்குப் பன்னிரண்டரை மீற்றர் வீதம் குறைகிறது. வெளிச்சமில்லாத பெட்டியை வேன்காரர் 40 மீற்றரில் கண்டால் அவருக்குக் கிடைப்பது மூன்று செக்கன் மாத்திரம். நல்ல ஒளிதெறிக்கும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்து 100 மீற்றரில் கண்டால் எட்டு செக்கன். இந்த ஐந்து செக்கன்தான் இரண்டு குடும்பங்களின் கதையை மாற்றுகிறது.

பல மெஷின்களில் எஞ்சின் நின்றால் விளக்கும் நின்றுவிடும். இடைவழியில் பழுதாகி இருட்டில் நிற்கும் பெட்டிக்கு மின்சாரம் தேவைப்படாத ஒளிதெறிப்பான்தான் துணை. பின்பக்கத்தின் இரு ஓரங்களிலும் சிவப்பு, பக்கங்களில் மஞ்சள் ஒட்டுங்கள். வாரம் ஒருமுறை சேற்றைத் துடையுங்கள்.

முதல் வாரம்

வாங்கிய அன்றே வியாபாரத்துக்கு இறக்க வேண்டாம். முதல் நாள் வெறும் பெட்டியோடு வெளியான தரையில் ஓட்டிப் பழகட்டும். அடுத்து ஐந்து மூடை, பின் பத்து. ஒவ்வொரு முறையும் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். முதல் பத்து கிலோமீற்றர் ஓடியதும் சக்கரத்தின் நடுவில் கையை வையுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் பெயாரிங் பிழை. போல்ட்களையும் அப்போதே மீண்டும் இறுக்குங்கள். நிறுத்தி வைக்கும்போது சக்கரத்துக்குக் கல் வைப்பதைப் பழக்கமாக்குங்கள்.

வாடகை மிச்சமாகும் என்று கணக்குப் போட்டு வாங்குகிறோம். அது நல்ல கணக்குத்தான். ஆனால் அந்தக் கணக்கில் ஓட்டும் தம்பியின் பெயரையும், பின்னால் இருட்டில் வரும் முன்பின் தெரியாத ஒருவரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். இருபது மூடைக்கு மேல் ஏற்றச் சொல்லி வாடிக்கையாளர் அவசரப்படுத்தும்போது "இன்னொரு நடை வருகிறோம்" என்று சொல்லும் துணிவு அப்போது தானாக வரும்.