அன்றாட ஆங்கிலச் சொற்கள்



நாகமலைப் புதுக்கோட்டையில் உள்ள என் இல்லத்திற்குச் சில ஆண்டுகளுக்கு முன் பழைய மாணவி ஒருத்தி வந்தாள். ஆங்கிலப் பாடத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவள்; பெங்களூரில் வேலை கிடைத்துப் போயிருந்தாள்.

“ஐயா, விடுதியில் முதல்நாள் இரவு என் அறைக்கதவின் தாழ்ப்பாள் விழவில்லை. காப்பாளருக்குத் தமிழ் தெரியாது. தாழ்ப்பாளுக்கு ஆங்கிலச் சொல் என்னவென்று எனக்குத் தெரியவில்லை. கேட்க வெட்கப்பட்டு, கதவில் நாற்காலியைச் சாய்த்துவைத்து விடியும்வரை விழித்திருந்தேன். காடுகளின் பயன் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதக் கற்றுத் தந்தீர்கள். இந்த ஒரு சொல்லைத் தரவில்லையே!” என்றாள்.

“போல்ட் என்பார்கள், அம்மா” என்றேன். “அது பட்டறையில் சொல்லும் போல்ட்டு அல்லவா?” என்று வியந்தாள். ஆம், அதே சொல்தான். அவள் சிறுமியாக இருந்த நாள்தொட்டு அவள் காதில் விழுந்த சொல் அது. ஆனால் வேண்டிய நேரத்தில் கைகொடுக்கவில்லை. குறை அவளுடையதன்று, தேர்வில் கேட்கும் சொற்களையே பெரிதும் கற்பித்த என்னுடையது.

அன்றாட வாழ்வுக்கு எத்தனை ஆங்கிலச் சொற்கள் வேண்டும்? டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்னும் அறிஞர், மிகப் பயன்படும் சொற்கள் ஏறத்தாழ 2,000ஐத் தொகுத்து 1953இல் வெளியிட்டார். நாளொன்றுக்கு ஐந்து சொற்கள் கற்றால் 400 நாட்களில் அத்தொகையை எட்டலாம். அதிலும் நாம் வெறுங்கையோடு தொடங்குவதில்லை. பஸ், டிக்கெட், சோப்பு, பல்பு என நூற்றுக்கணக்கான சொற்கள் ஏற்கெனவே நம் நாவில் உள்ளன. அவற்றை முதலில் எழுதிப் பாருங்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நம்மிடம் வந்து தங்கிய சொற்களுள் சில பொருள் மாறியுள்ளன. நாம் வண்டியை ரயில் என்கிறோம். ஆங்கிலத்தில் ரயில் என்பது தண்டவாளம், வண்டி ட்ரெயின் ஆகும். நாம் உணவு உண்ணும் இடத்தை ஹோட்டல் என்கிறோம். அவர்களுக்கோ அது முதன்மையாகத் தங்குமிடம். விளக்கு அணைந்தால் நாம் கரண்ட் போய்விட்டது என்போம். அவர்கள் பவர் என்பார்கள்.

அடுத்து, வீட்டையே பாடநூலாகக் கொள்ளுங்கள். ஒரு நாள் சமையலறை, மறுநாள் கதவும் சன்னலும், பின்னர் துணியும் ஊசிநூலும். பொருளைத் தொட்டுச் சொல்லை வாய்விட்டுச் சொல்லுங்கள். 1959இல் அன்றைய சென்னை மாநிலத்தில் ஆங்கில ஆசிரியர்க்கான பெரும் பயிற்சி இயக்கம் ஒன்று தொடங்கிற்று. பயின்றவர் பிறரைப் பயிற்றுவிக்க, ஏறத்தாழ 27,000 ஆசிரியரை எட்டுவது அதன் குறிக்கோள். உருள உருளப் பெருகும் பனியுருண்டையின் பெயரால் அதனை அழைத்தனர். வாய்மொழிப் பயிற்சிக்கு அது முதலிடம் தந்தது. அந்த நெறி இன்றும் பழுதற்றதே.

சொல்லைத் தனியே கற்காமல் அதன் துணையோடு கற்க வேண்டும். நாம் மருந்து சாப்பிடுகிறோம். ஆங்கிலத்தில் மருந்துக்கு ஈட் பொருந்தாது, டேக் என்பதே வரும். ஆதலின் ‘டேக் மெடிசின்’ என்று சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். தாழ்ப்பாளுக்கும் அவ்வாறே: ‘தி போல்ட் இஸ் புரோக்கன்’ என்று முழுவாக்கியமாகக் கற்றிருந்தால் என் மாணவி அன்றிரவு உறங்கியிருப்பாள்.

கற்றது மறந்துபோகிறதே எனச் சோர வேண்டா. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தம்மையே சோதித்து, கற்றவுடன் மறதி விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்வதை 1885இல் எழுதினார். எனவே இன்று கற்றதை நாளையும், மூன்றாம் நாளும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் திரும்பிப் பாருங்கள். தமிழை மறைத்துக்கொண்டு ஆங்கிலத்தைச் சொல்லிப் பார்ப்பதே உண்மையான பயிற்சி. இரண்டையும் சேர்த்துப் படித்துச் செல்வது பயிற்சியாகாது.

யாவற்றினும் மேலாக, தெரியாத சொல்லைக் கேட்பதற்கு நாணாதீர்கள். ஆங்கிலேயரே நம் கட்டுமரத்தையும், சுருட்டையும், மிளகுத்தண்ணீரையும் பெயரோடு வாங்கிக்கொண்டு, தம் நாவுக்கேற்ப மாற்றிக்கொண்டனர். கடன் வாங்கிய அவர்கள் நாணவில்லை. கற்க முயலும் நாம் ஏன் நாணவேண்டும்?

இன்றிரவு கதவைத் தாழிடும்போது அந்த ஒரு சொல்லை வாய்விட்டுச் சொல்லுங்கள். மற்ற நான்கையும் அந்த அறையிலேயே தேடிக்கொள்ளலாம்.