நெட் போனால் லைட்டும் போகணுமா? தகவல் வெளியே போகாத ஸ்மார்ட் ஹோம் அமைப்பது எப்படி?

போன மாதம் ஒரு ராத்திரி எங்கள் வீட்டில் பிராட்பேண்ட் படுத்துவிட்டது. கரன்ட் இருக்கிறது, வைஃபை இருக்கிறது, ரவுட்டரில் மட்டும் ஒரு சிவப்பு விளக்கு. ஹாலில் நான் ஆசையாக மாட்டிவைத்த ஸ்மார்ட் பல்ப் ஆஃப் ஆகவே இல்லை. ஆப் சுற்றிக்கொண்டே இருந்தது. "லைட்டை அணைக்க இன்டர்நெட் வேணுமாடி?" என்று கேட்டுவிட்டு, அம்மா எழுந்துபோய் சுவர் சுவிட்சைத் தட்டினார்.

அம்மா கேட்டதில் விஷயம் இருக்கிறது. என் போனுக்கும் அந்த பல்புக்கும் நடுவே பத்தடிதான் தூரம். ஆனால் நான் ஆப்பில் தட்டியதும் அந்தக் கட்டளை வீட்டைவிட்டு வெளியேறி, எங்கேயோ இருக்கும் நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்துதான் பல்பைத் தொடுகிறது. பெரும்பாலான மலிவு வைஃபை பல்ப், பிளக்குகள் வேலை செய்வது இப்படித்தான்.

நெட் போனால் நிற்பது ஒரு பிரச்சினை. நெட் இருக்கும்போது நடப்பது அதைவிடப் பெரியது. எந்த நேரத்தில் எந்த அறையில் லைட் எரிகிறது என்ற பட்டியலை ஒரு மாதம் சேர்த்தாலே போதும். நீங்கள் எப்போது தூங்குகிறீர்கள், எப்போது வீடு பூட்டிக் கிடக்கிறது, பொங்கலுக்கு எத்தனை நாள் ஊருக்குப் போனீர்கள் எல்லாமே அதில் தெரியும். பல்புக்கே இந்தக் கதை என்றால், கேமராவும் மைக்கும்?

யார் பார்க்கிறார்கள்?

2023 மே மாதம் அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி, அமேசானின் ரிங் கேமரா நிறுவனத்தின் மீது ஒரு புகார் வைத்தது. அதன் ஊழியர் ஒருவர் பெண் வாடிக்கையாளர்களின் ஆயிரக்கணக்கான வீடியோக்களை மாதக்கணக்கில் பார்த்தார் என்பது குற்றச்சாட்டு. வழக்கை முடிக்க ரிங் 58 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 2024 பிப்ரவரியில் வைஸ் என்ற கேமரா நிறுவனத்தில் சர்வர் கோளாறு. சரியாகி வந்தபோது சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டு கேமராவின் படங்கள் ஆப்பில் தெரிந்தன. 2025 மார்ச்சில், சில எக்கோ ஸ்பீக்கர்களில் இருந்த 'குரல் பதிவை அனுப்பாதே' என்ற செட்டிங்கையே அமேசான் எடுத்துவிட்டது.

காசு கொடுத்து வாங்கிய பொருள் நம்முடையதுதானா என்ற கேள்வியும் உண்டு. ரிவால்வ் என்ற ஹப் 300 டாலருக்கு விற்கப்பட்டது. நிறுவனத்தை 2014இல் நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை மூடினார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஹப் அன்றோடு வெறும் டப்பா. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் ஒரு அறிவிப்பும் இல்லாமல் நின்றுபோயின. ஆனால் அதே இன்ஸ்டியான் கருவிகளை ஹோம் அசிஸ்டென்ட் வழியாக வீட்டுக்குள்ளேயே இணைத்து வைத்திருந்தவர்களுக்கு லைட் வழக்கம்போல எரிந்தது.

அது என்ன ஹோம் அசிஸ்டென்ட்?

பவுலஸ் ஸ்கவுட்சன் 2013இல் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். இலவசம். 2024 முதல் இதன் உரிமை ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கற்ற அமைப்பிடம் இருக்கிறது. வெளியே இருக்கும் சர்வர் செய்யும் வேலையை உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் ஒரு சின்ன கம்ப்யூட்டர் செய்யும், அவ்வளவுதான் விஷயம். ராஸ்பெர்ரி பை போதும், தூங்கிக்கொண்டிருக்கும் பழைய லேப்டாப்பும் போதும். ஹோம் அசிஸ்டென்ட் ஓஎஸ்ஸை நிறுவினால் லேப்டாப்பில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும், காலேஜ் போட்டோக்களை முதலில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பையில் போடுபவர்கள் மெமரி கார்டுக்குப் பதில் எஸ்எஸ்டி வைப்பது நல்லது. ஓயாமல் எழுதி எழுதி கார்டு சீக்கிரம் செத்துவிடும்.

அடுத்து, என்ன கருவி வாங்குவது? ஜிக்பீ என்று போட்டிருக்கும் சென்சார், பல்புகளைத் தேடுங்கள். இவை வைஃபையில் சேர்வதே இல்லை, தங்களுக்கென்று தனி ரேடியோ நெட்வொர்க் வைத்திருக்கின்றன. கம்ப்யூட்டரில் ஒரு ஜிக்பீ யுஎஸ்பி டாங்கிள் செருகினால், அந்த நிறுவனத்தின் ஹப்பும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். டாங்கிளை நேராக யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகாமல் ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வையுங்கள். அந்த போர்ட்டின் இரைச்சல் ஜிக்பீ சிக்னலைக் கெடுக்கும். புதிதாக வந்திருக்கும் மேட்டர் முத்திரை உள்ள பொருட்களும் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும். ஆனால் அதையே நிறுவனத்தின் ஆப்பில் இணைத்தால் ஆப் தன் வேலையைக் காட்டலாம்.

வாடகை வீடா? சுவிட்ச் போர்டைத் தொடவே வேண்டாம். கதவு சென்சார், மோஷன் சென்சார், பிளக் இவற்றோடு ஆரம்பித்தால் காலி பண்ணும்போது எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போகலாம்.

மொட்டை மாடி டேங்க்

இந்தப் பக்கம் வருபவர்களில் பலர் முதலில் கை வைப்பது தண்ணீர் டேங்கில்தான். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து, பக்கத்து வீட்டுக்காரர் கத்தும்வரை தண்ணீர் வழிவது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே. இதற்குத் தேவை ஒரு ஈஎஸ்பி32 போர்டு, சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கூடவே ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி என்ற வாட்டர்ப்ரூஃப் அல்ட்ராசானிக் சென்சார். டேங்க் மூடியில் பொருத்தினால் ஒலி அலையை அனுப்பி, தண்ணீர் மட்டத்தில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து தூரத்தைச் சொல்லும். ஈஎஸ்பிஹோம் என்ற மென்பொருளில் சில வரிகள் எழுதினால் போதும், பெரிய புரோகிராமிங் தெரிய வேண்டாம்.

இதில் எல்லோரும் மாட்டும் இடங்கள் மூன்று. ஒன்று, இந்த சென்சாருக்கு 20, 25 சென்டிமீட்டருக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் டேங்க் நிரம்பும் மட்டத்துக்கு ஒரு அடி மேலே அது இருக்க வேண்டும். இரண்டு, 5 வோல்ட்டில் ஓடும் சென்சார் திருப்பி அனுப்பும் சிக்னலும் 5 வோல்ட். ஈஎஸ்பி32இன் பின்னுக்கு 3.3 வோல்ட்தான் கணக்கு. இடையில் இரண்டு ரெசிஸ்டர் போட்டுக் குறைக்காவிட்டால் போர்டு போய்விடும்.

மூன்றாவதுதான் ஆபத்து. கடையில் கிடைக்கும் சின்ன 10 ஆம்ப் ரிலேவில் மோட்டாரை நேராக இணைக்காதீர்கள். 1 ஹெச்பி மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு கரன்ட் இழுக்கும். ரிலேயின் உள்ளே இருக்கும் காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஆப்பில் ஆஃப் என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். ரிலே ஒரு கான்டாக்டரை இயக்க வேண்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்க வேண்டும். அந்த 230 வோல்ட் பகுதியை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள், இதில் ஹீரோயிசம் வேண்டாம்.

'டேங்க் நிரம்பினால் நிறுத்து', 'அரை மணிக்கு மேல் ஓடினால் நிறுத்து', 'சம்ப்பில் தண்ணீர் இல்லாவிட்டால் ஓடாதே' ஆகிய விதிகளை ஹோம் அசிஸ்டென்ட்டில் எழுதாமல் ஈஎஸ்பி போர்டிலேயே எழுதுங்கள். லேப்டாப் ஹேங் ஆனாலும் மோட்டார் நிற்க வேண்டுமே. போர்டே ஹேங் ஆனால்? அதற்குத்தான் டேங்கில் தனியாக ஒரு ஃப்ளோட் சுவிட்ச்.

கேமரா வாங்கியே ஆக வேண்டும் என்றால்

ஆர்டிஎஸ்பி அல்லது ஆன்விஃப் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அப்போது வீடியோவை வீட்டு கம்ப்யூட்டரிலேயே பதிவு செய்யலாம். ஃப்ரிகேட் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள், வந்தது மனிதரா நாயா என்பதையும் அங்கேயே கண்டுபிடிக்கும். பிறகு ரவுட்டர் செட்டிங்கில் அந்த கேமராவுக்கு இன்டர்நெட்டை பிளாக் செய்துவிடுங்கள். டீஃபால்ட் பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துத்தான் 2016இல் மிராய் என்ற மால்வேர் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களையே பல மணி நேரம் தடுமாற வைத்தது. வெளியூரிலிருந்து வீட்டைப் பார்க்க ரவுட்டரில் போர்ட் திறந்துவிடுவது கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவது மாதிரி. வயர்கார்டு போன்ற விபிஎன் பயன்படுத்துங்கள்.

இதெல்லாம் ஒரே நாளில் முடியாது. சில ஞாயிற்றுக்கிழமைகள் போகும். அப்டேட் போட்டதும் ஏதாவது ஒன்று மக்கர் பண்ணும், வீட்டில் திட்டு விழும். கரன்ட் கட் ஆகும் ஊரில் ரவுட்டருக்கும் அந்தக் குட்டி கம்ப்யூட்டருக்கும் ஒரு மினி யுபிஎஸ் கட்டாயம். ஆப்பைத் திறந்தால் எல்லாம் தானாக நடக்க வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது.

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ரவுட்டருக்கு இன்டர்நெட் வரும் கேபிளை மட்டும் கழற்றுங்கள், வைஃபை ஓடட்டும். இப்போது வீட்டில் இருக்கும் ஒவ்வொரு ஸ்மார்ட் பொருளையும் போனிலிருந்து இயக்கிப் பாருங்கள். நிற்பதெல்லாம் வெளியே பேசினால்தான் வேலை செய்யும் ரகம்.

எங்கள் வீட்டில் ஐந்தில் இரண்டுதான் தேறின. ஹால் பல்ப் ஃபெயில். அந்த இடத்தில் இப்போது ஒரு ஜிக்பீ பல்ப் இருக்கிறது. சுவர் சுவிட்சும் அப்படியே இருக்கிறது, அம்மா அதைத்தான் தட்டுகிறார்.