இழுத்தால் திரும்பும் முகம்

ஹூஸ்டன் நகரின் தென்மேற்கே, ஹில்கிராஃப்ட் அவென்யூவை ஒட்டிப் புடவைக் கடைகளும் நகைக் கடைகளும் பலகாரக் கடைகளும் நெருங்கி நிற்கும் பகுதிக்கு, 2010-ஆம் ஆண்டு முதல் மகாத்மா காந்தி மாவட்டம் என்ற பெயர் வழங்கி வருகிறது. மகள் வீட்டில் தங்கியிருந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை மாலை, அங்குள்ள உணவு விடுதியொன்றில் இடம் கிடைக்கக் காத்திருந்தபோது, ஏழு வயதுப் பேரன் தன் தாயின் கைப்பேசியில் மூழ்கியிருந்தான். திரை நிறைய ஒரு முகம். அதன் மூக்கை அவன் விரலால் பற்றி இழுக்க, அது திரையின் விளிம்புவரை நீண்டது. விரலை எடுத்ததும் துள்ளி, இருமுறை மும்முறை நடுங்கி, பழைய மூக்காகவே அமைந்தது. பிறகு கன்னம், பிறகு காது, மறுபடியும் மூக்கு.

"இதில் எப்போது ஜெயிப்பாய்?" என்று கேட்டேன்.

"ஜெயிக்கிறதெல்லாம் இல்ல தாத்தா. சும்மா இழுத்து விடணும், அவ்ளோதான்."

வெற்றியும் தோல்வியும் இல்லாத ஒரு விளையாட்டில் ஒரு குழந்தை அரைமணி நேரம் லயித்திருக்குமானால், அங்கே ஆகர்ஷிக்கும் பொருள் ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும். அதை வீண்பொழுது என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

என் பால்யத்தில், மூங்கில் கழியின் உச்சியில் கைதட்டும் பொம்மையொன்றை நிறுத்திக்கொண்டு எங்கள் தெருவுக்கு வரும் ஜவ்வு மிட்டாய்க்காரர், கழியில் சுற்றிய இளஞ்சிவப்புப் பாகைக் கம்பிபோல் இழுத்து, கண்ணிமைக்கும் நேரத்தில் கைக்கடிகாரமாக முறுக்கி எங்கள் மணிக்கட்டில் ஒட்டிவிடுவார். அந்தப் பாகு இழுத்த இழுப்பிலேயே நின்றுவிடும். உண்டிவில்லில் கட்டிய சைக்கிள் ட்யூப் அப்படியன்று. கல்லை எறிந்துவிட்டு மறுகணமே தன் பழைய நீளத்துக்கு வந்துவிடும். இந்தத் திரும்பி வரும் குணத்துக்கு நம் சாஸ்திரகாரர்கள் ஸ்திதிஸ்தாபகம், அதாவது இருந்த நிலையை மீண்டும் நிலைநாட்டுவது, என்று பெயரிட்டார்கள். வைசேஷிக தரிசனத்தில் இது ஸம்ஸ்காரம் என்னும் குணத்தின் மூன்று வகைகளுள் ஒன்று, வேகம் மற்றொன்று, மூன்றாவது பாவனை, நம் நினைவுக்கு மூலமாக ஆத்மாவில் பதிந்து கிடப்பது. வளைத்த கிளை நிமிர்வதையும், மறந்த முகம் மனத்தில் மீள்வதையும் ஒரே குணத்தின் கீழ் வைத்த அந்தப் பார்வையின் நுட்பத்தை எண்ணும்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

மேல்நாட்டில் இதை அளந்து சொன்னவர் ராபர்ட் ஹூக். பிறர் முந்திவிடக் கூடாதென்று, 1676-இல் தம் கண்டுபிடிப்பை 14 லத்தீன் எழுத்துகளாகக் கலைத்து அகரவரிசையில் வெளியிட்டவர், இரண்டாண்டுகள் கழித்தே புதிரை அவிழ்த்தார்: எவ்வளவு நீட்சியோ, அவ்வளவு விசை. பேரனின் விரலடியில் நிகழ்ந்தது இதுதான். அந்த முகம் உண்மையில் நூற்றுக்கணக்கான புள்ளிகளின் வலை. ஒவ்வொரு புள்ளிக்கும் தன் சொந்த இடம் எதுவென்று குறிக்கப்பட்டிருக்கிறது. அண்டைப் புள்ளிகளோடு அதைக் கண்ணுக்குத் தெரியாத வில்சுருள்கள் பிணைக்கின்றன. விரல் எவ்வளவு தூரம் இழுக்கிறதோ, அவ்வளவு விசையோடு அந்தப் புள்ளி தன் வீட்டை நோக்கி இழுபடுகிறது. வந்த வேகத்தில் வீட்டைத் தாண்டிப் போய், மறுபடி திரும்பி, ஒவ்வொரு ஆட்டத்திலும் சிறிது வேகம் குறைக்கப்படுவதால் கடைசியில் அடங்குகிறது. அந்தக் குறைப்பு இல்லையென்றால் மூக்கு ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும்.

இக்கணக்கைப் பெரும்பாலான திரைகளில் நொடிக்கு 60 முறை போட வேண்டும். அதற்கு உதவும் முறைகளுள் ஒன்று வெர்லே என்னும் பிரெஞ்சு விஞ்ஞானியின் பெயரால் வழங்குவது. திரவ ஆர்கானின் இயல்பை அறிய 864 அணுக்களை எடுத்துக்கொண்டு 1967-இல் அவர் கையாண்டது. வேகத்தைத் தனியே எழுதிவைப்பதில்லை. புள்ளி இப்போது இருக்கும் இடமும் சற்றுமுன் இருந்த இடமும் போதும், அடுத்த இடம் அவற்றிலிருந்தே பிறக்கிறது. விளையாட்டுகளில் துணியும் உடலும் அசைவதற்கு இதே முறையைக் கையாண்டதை டென்மார்க்கின் தாமஸ் யாகோப்ஸன் 2001-இல், கலிபோர்னியாவின் ஸான் ஹோஸே நகரில் கூடிய விளையாட்டு ஆக்குவோர் மாநாட்டில் விளக்கினார். முகத்தை இழுக்கும் விநோதம் அதற்கும் மூத்தது: 1996-இல் வந்த சூப்பர் மாரியோ 64 விளையாட்டின் முகப்பிலேயே மாரியோவின் மூக்கையும் மீசையையும் பற்றி இழுக்கலாம். பிற்காலத்தில் இவ்வகை விளையாட்டுகள் பல ஃப்ளாஷ் என்னும் துணை நிரலை நம்பி வாழ்ந்தன. 2020-இன் இறுதியோடு அதற்கு ஆதரவு நின்றது. இன்று உலாவியே நேராக இக்காரியத்தைச் செய்கிறது.

விதியென்றோ சூத்திரமென்றோ ஒரு சொல்லும் அறியாத சிறுவன், அதிகம் இழுத்தால் அதிகம் துள்ளும் என்பதை விரலால் அறிந்துகொண்டான். பள்ளிக்கூடத்தில் சுருள்வில்லில் எடைக்கற்களைத் தொங்கவிட்டு வரைபடம் போட்ட எனக்கு, இந்தப் பிரத்தியட்ச ஞானம் அவ்வளவு சீக்கிரம் வாய்க்கவில்லை.

விடுதியில் எங்கள் பெயர் சொல்லி அழைக்கும்வரை, ஜவ்வு மிட்டாய்க் கதையை அவனுக்குச் சொன்னேன். கைப்பேசியைத் தாழ்த்தி வைத்துக் கேட்டான்.

"அந்த வாட்ச்ச விட்டா, திரும்பக் கம்புக்குப் போயிடுமா தாத்தா?"

"போகாது. வியர்வையில் இளகும், வீடு சேருமுன் நக்கியே தீர்த்துவிடுவோம்" என்றேன். தன் மணிக்கட்டை ஒருகணம் பார்த்துக்கொண்டு, மறுபடியும் மூக்கை இழுக்கத் தொடங்கினான்.