சாவிக்கொத்தைக் கீழே வையுங்கள்

பேருந்து நிறுத்தத்தில் ஒருவருக்கு வலிப்பு வந்தால், சுற்றி நிற்பவர்களில் ஒருவராவது இரும்புச் சாவியைத் தேடுவார். இரும்பால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலும் அது ஓரிரு நிமிடங்களில் தானாகவே அடங்கும். நல்ல பெயர் சாவிக்குப் போய்விடுகிறது. அந்த நேரத்தில் தலைக்கு அடியில் மடித்த துண்டை வைக்க வேண்டும். கை கால்களை அமுக்கக்கூடாது, வாயில் எதையும் திணிக்கக்கூடாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். துடிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். 5 நிமிடம் தாண்டினால் 108.

பல வருடமாகச் சாவியை நம்பியவரிடம் இதைச் சொல்லி மாற்றுவது கடினம். 12, 13 வயதுப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். 12 வயதிலிருந்து ஆண்டுக்கு 2 மணி நேரம் மாணவர்களுக்கு உயிர்காக்கும் பயிற்சி தர வேண்டும் என்ற கோரிக்கையை உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே ஆதரித்தது. நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிணற்றடியிலும் ஏரிக்கரையிலும், அப்பா அம்மா வேலைக்குப் போன வீட்டில் பாட்டியின் அருகிலும், முதலில் இருப்பவர்கள் இவர்கள்தான்.

ஆனால் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒருவர் பேசி, பிள்ளைகள் கைதட்டிக் கலைவது பயிற்சி ஆகாது. முதலுதவி கைக்குப் பழக வேண்டிய வேலை. மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள். ஒருவர் அடிபட்டவர், ஒருவர் உதவுபவர், ஒருவர் 108-ஐ அழைப்பவர். மூன்றாவது ஆள்தான் அதிகம் திணறுவார். "எந்த இடம்?" என்று கேட்டதும் "எங்க தெருதான்" என்பார். ஊர், தெரு, பக்கத்தில் உள்ள ரேஷன் கடை அல்லது கோயில், எத்தனை பேருக்கு அடி, நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா என்று கோர்வையாகச் சொல்லவும், மறுமுனையில் பேசுபவர் சொல்லும்வரை இணைப்பைத் துண்டிக்காமல் இருக்கவும் நாலைந்து தடவை பழகினால்தான் வரும்.

நீரில் மூழ்குவதற்கு நான் கூடுதல் நேரம் கேட்பேன். ஒரு பிள்ளை தத்தளிக்கும், காப்பாற்ற நண்பர்கள் குதிப்பார்கள், மாலையில் மூன்று உடல்கள் வரும். கோடை விடுமுறையில் இந்தச் செய்தியைப் படிக்காத ஆண்டு எனக்கு நினைவில்லை. ஆகவே முதல் பாடம், இறங்காதே. கத்து, நீட்டு, எறி. மூடி இறுகிய 5 லிட்டர் காலி எண்ணெய்க் கேனில் எடைக்காகக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, நீளக் கயிறு கட்டுங்கள். திடலில் 10 மீட்டர் தள்ளி ஒரு வட்டம் போட்டு, அதைத் தாண்டி விழும்படி எறியச் சொல்லுங்கள். முதல் எறியில் கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கவே பலர் மறந்துவிடுவார்கள். அந்தத் தவறு திடலிலேயே நடந்து முடியட்டும்.

கரைக்கு வந்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதோ வயிற்றை அமுக்குவதோ கூடாது. மூச்சில்லை என்றால் முதலில் வாய்வழியே மூச்சு ஊத வேண்டும், பிறகு நெஞ்சை அழுத்த வேண்டும். பெரியவர் என்றால் 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. பொம்மை கிடைக்காவிட்டால் இறுக்கமான தலையணையில் பழகலாம். நலமாக இருக்கும் தோழனின் நெஞ்சில் மட்டும் ஒருபோதும் பழகக்கூடாது; விலா எலும்பு முறியும். புரையேறியவருக்கு வயிற்றில் தரும் அழுத்தமும் அப்படித்தான், நிற்கும் முறையைக் காட்டினால் போதும்.

பாம்புக்கடிக்கு ஸ்கேல், பழைய செய்தித்தாள், துப்பட்டா வைத்துக் காலை அசையாமல் கட்டப் பழக்குங்கள். கொலுசு, மோதிரத்தைக் கழற்ற வேண்டும். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் கெடுதல். நஞ்சுமுறி மருந்துள்ள அரசு மருத்துவமனைக்கு ஓடுவதே வைத்தியம். தீக்காயத்துக்கு 20 நிமிடம் குழாய்த் தண்ணீர். பற்பசையும் மாவும் வேண்டாம்.

"போலீஸ், கேஸுன்னு அலையணும், நமக்கெதுக்கு" என்று வீட்டில் சொல்லிக் கேட்டே வளர்ந்த பிள்ளைகளுக்குச் சட்டமும் தெரிய வேண்டும். சாலை விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுபவர் மீது, அந்த உதவியால் ஏற்பட்ட பாதிப்புக்காகச் சிவில் வழக்கோ குற்ற வழக்கோ போட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134ஏ பிரிவு இதைச் சொல்கிறது. பெயர், முகவரி சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. இந்த உரிமைகளை எழுதிய பலகை ஒவ்வொரு மருத்துவமனை வாசலிலும் தமிழிலும் இருக்க வேண்டும். அரசோ தனியாரோ, அவசரச் சிகிச்சையை மருத்துவர் மறுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. மறுத்தால் மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநரிடமோ ஆட்சியரிடமோ எழுத்தில் புகார் கொடுங்கள். அடுத்த குழு விளையாட்டில் ஒருவர் போலீஸ்காரராக நடித்துப் பெயர் கேட்கட்டும். பிள்ளைகள் பணிவாகப் பதில் சொல்லப் பழகட்டும்.

ஒன்றைப் பயிற்சியின் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: உன்னால் முடிந்ததைச் செய்தும் ஒருவர் இறந்தால் அது உன் குற்றமில்லை. அப்படி ஒன்றைப் பார்த்துவிட்ட பிள்ளை இரவில் தூங்காது. அருகில் உட்கார்ந்து பேச ஒரு பெரியவர் வேண்டும், தேவைப்பட்டால் மனநல ஆலோசகரும்.

இதற்குப் பெரிய செலவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் ஒரு தீர்மானம் போடலாம். இளம் செஞ்சிலுவைச் சங்கம் உள்ள பள்ளி என்றால் பொறுப்பாசிரியரிடம் பேசலாம். பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்குக் கடிதம் எழுதி, செய்து காட்டும்படி கேட்கலாம். ஏப்ரலில் கிணற்றடியில் கூட்டம் சேரும். கேனையும் கயிற்றையும் பிப்ரவரியிலேயே வாங்கிவிடுங்கள்.