என் தாயாரின் முதுகில் நான் காணத் தவறியது

பக்கவாதத்தால் இடப்பக்கம் செயலிழந்த என் தாயாரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தபோது, அவரை நன்றாகப் பார்த்துக்கொள்வேன் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயம் இருக்கவில்லை. மருந்துகளை வேளை தவறாமல் கொடுத்தேன். குழைத்த சோற்றைப் பொறுமையாக ஊட்டினேன். காற்று மெத்தையும் வாங்கிப் போட்டேன். இரவில் அவர் அயர்ந்து உறங்கினால், எழுப்ப மனமின்றி விடியும்வரை அப்படியே விட்டுவிடுவேன். அதை அன்பு என்றே எண்ணியிருந்தேன்.

மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் துணி மாற்றுகையில், வாலெலும்பின் மேல் தோல் உரிந்து புண்ணாகியிருப்பதைக் கண்டேன். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். "நேற்று வரை ஒன்றும் இல்லையே, சிஸ்டர்" என்றேன். புண்ணைக் கழுவிக்கொண்டிருந்த செவிலியர் தலை நிமிராமல், "நேற்று பார்த்தீர்களா, அய்யா?" என்று கேட்டார். அந்தக் குரலில் குற்றச்சாட்டு இல்லை. ஆயினும் என்னிடம் விடை இல்லை. அவர் முதுகை நான் பார்த்து நான்கு நாள்கள் ஆகியிருந்தன.

அன்றிரவு நான் முதலில் செய்தது மெத்தையைக் குறை சொன்னது. அடுத்துச் செய்தது, தொலைபேசியில் நலம் விசாரித்த அக்காவிடம் புண்ணைப் பற்றிச் சொல்லாமல் மறைத்தது. தோல்வியை ஒப்புக்கொள்வதைவிட மறைப்பது எளிது. ஆனால் மறைத்த நாள்களில் எனக்கு உதவக்கூடிய ஒருவரையும் நான் இழந்திருந்தேன்.

மறுமுறை சென்றபோது, "வருந்திப் பயனில்லை. என்ன செய்தீர்கள், எதை விட்டீர்கள் என்று எழுதிப் பாருங்கள்" என்றார் அதே செவிலியர். எழுதியபோதுதான் உண்மை விளங்கியது. எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே தோல் நெடுநேரம் அழுந்தினால் அங்கே இரத்த ஓட்டம் குன்றித் திசுக்கள் மடியத் தொடங்குகின்றன. காற்று மெத்தை அழுத்தத்தைக் குறைக்குமே தவிர, புரட்டிப் படுக்க வைக்கும் வேலையை அது செய்யாது. தலைப்பக்கத்தை உயர்த்தி நான் சாய்த்து வைத்த ஒவ்வொரு முறையும் அவர் உடல் கீழ்நோக்கிச் சரிந்து, தோல் உராய்ந்திருக்கிறது. ஈரத்துணியை மாற்றத் தாமதித்ததால் தோல் ஊறி மென்மையாகியிருக்கிறது. சிவந்த இடத்தை எண்ணெயிட்டு அழுத்தித் தேய்த்ததும் தீங்கையே கூட்டியிருக்கிறது.

அக்காவிடம் அனைத்தையும் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று அஞ்சியிருந்தேன். "இரவு முழுவதும் நீ ஒருவனே எப்படிப் பார்ப்பாய்?" என்று மட்டும் கேட்டவர், அந்த வாரமே வந்து சேர்ந்தார். இரவை இருவரும் பகிர்ந்துகொண்டோம். சுவரில் ஒரு தாளை ஒட்டி, புரட்டிய நேரத்தையும் பக்கத்தையும் குறித்து வந்தோம். புண் முழுமையாக மூட மூன்று மாதங்களுக்கு மேலாயிற்று.

நாள்தோறும் கவனிக்க வேண்டியவை

- மருத்துவர் வேறு நேரம் குறிப்பிடாவிடில், படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். இழுக்காமல், விரிப்போடு தூக்கி நகர்த்துங்கள்.
- வாலெலும்பு, இடுப்பின் பக்கங்கள், குதிகால், தோள்பட்டை, முழங்கை, பின்தலை ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கருநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. நிறம் கருத்தல், சூடு, கடினத்தன்மை, வலி ஆகியவையும் எச்சரிக்கைகளே.
- கெண்டைக்காலின் கீழ்த் தலையணை வைத்துக் குதிகாலைப் படுக்கையில் படாமல் வையுங்கள். வளைய வடிவத் தலையணைகளைத் தவிருங்கள்.
- புரதம் மிகுந்த உணவு குறித்து மருத்துவரிடம் கேளுங்கள்.
- நிறம் மாறிய இடம் மாறாமல் நீடித்தாலோ, தோல் உரிந்தாலோ, சீழ், துர்நாற்றம், காய்ச்சல் கண்டாலோ தாமதியாமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

கவனத்தோடு பார்த்தாலும் சிலருக்குப் புண் வருவதுண்டு. அப்போது உங்களையே நொந்துகொண்டிருப்பதால் நோயாளிக்கு ஒரு நன்மையும் விளையாது. இப்போது நள்ளிரவில் நான் புரட்டும்போது தாயார், "தூங்கவிடப்பா" என்று சலித்துக்கொள்கிறார். மன்னிப்புக் கேட்டபடியே புரட்டுகிறேன். விளக்கைப் போட்டு முதுகையும் பார்த்துவிடுகிறேன்.