கட்டை விரல் சொல்லும் செய்தி

அறுவை சிகிச்சை முடிந்து நம் உறவினர் ஒருவர் வார்டுக்குக் கொண்டு வரப்படுகிறார். கண் திறந்துவிட்டார், மூச்சும் சீராக வருகிறது. நாக்கு வறண்டு விட்டதாகச் சொல்லித் தண்ணீர் கேட்கிறார். நம் கை தானாகவே ஃபிளாஸ்கின் மூடியைத் திருகுகிறது. நர்ஸ் தடுத்தால் அவர் மீது நமக்குக் கோபம் வருகிறது. வாசகர்களே, அந்தக் கோபத்தைச் சற்றே ஒத்தி வையுங்கள். அவருடைய மறுப்புக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று நம்மில் பலரும் அறியாதது.

பெரிய அறுவை சிகிச்சைகளில் உறங்க வைக்கும் மருந்து வேறு. வலியை அடக்கும் மருந்து வேறு. தசைகளைத் தளர்த்தும் மருந்து வேறு. இந்த மூன்றாவதின் மூதாதை, தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவிய குராரே நஞ்சு. 1942 ஜனவரி 23ஆம் நாள் கனடாவின் மாண்ட்ரீல் நகரில், குடல்வால் அறுவைக்கு வந்த ஓர் இளைஞருக்கு டாக்டர் ஹெரால்டு கிரிஃபித்தும் டாக்டர் ஈனிட் ஜான்சனும் அதைச் செலுத்தினர். அதன் பின்னரே அறுவை அரங்குகளில் அது பரவலாயிற்று. சில ஆண்டுகளில் அமெரிக்காவில் ஸ்காட் ஸ்மித் என்ற மருத்துவர், விழித்திருந்த நிலையிலேயே தம் உடலில் அதை ஏற்றிக் கொண்டார். விரல் அசையவில்லை, மூச்சும் நின்றது, பிறர்தாம் காற்றூட்டினர். ஆனால் அவருடைய உணர்வு ஒரு கணமும் மங்கவில்லை. தளர்த்தும் மருந்து உறங்க வைப்பதில்லை என்பது அப்போது ஐயமறத் தெளிவாயிற்று.

நரம்பின் நுனியிலிருந்து சுரக்கும் அசிட்டைல்கோலின், தசையிலுள்ள ஏற்பிகளில் சென்று அமரும்போதுதான் தசை சுருங்குகிறது. அந்த இடத்தை மருந்து முந்திக் கொள்கிறது. அப்படியானால் இதயமும் நின்று விடாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இதயத்தின் துடிப்பு அதற்குள்ளேயே பிறப்பது. அங்குள்ள ஏற்பிகளும் வேறு வகையின. ஆகவே அது தன் பாட்டில் துடித்துக் கொண்டிருக்கும்.

நம் விருப்பப்படி இயங்கும் தசைகளும் எல்லாம் ஒன்று போல் பணிவதில்லை. மூச்சுக்கு ஆதாரமான உதரவிதானம் பிடிவாதமானது. கட்டை விரலைத் தளர்த்தும் அளவைப் போல் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு மருந்து அதற்கு வேண்டும். ஆனால் இரத்த ஓட்டம் மிகுதியாதலால் மருந்து அங்கு விரைந்து சேர்கிறது. எனவே விரலுக்கு முன்பே உதரவிதானம் தளர்கிறது. விரலுக்கு முன்பே விழித்தும் விடுகிறது. குரல்வளையை மூடும் தசைகளும், புருவத்தைச் சுருக்கும் சிறு தசையும் ஏறக்குறைய இதே இனத்தவை.

தொண்டைத் தசைகளின் இயல்பு நேர் எதிரானது. விழுங்குவதற்கும் மூச்சுப் பாதையைத் திறந்து வைப்பதற்கும் உதவும் அவை, மருந்தின் சிறு எச்சத்துக்கும் தளர்ந்து போகும். 1990களில் சுவீடனில், விழித்திருந்த தன்னார்வலர்களுக்குச் சிறிதளவு வெகுரோனியம் கொடுத்துப் பார்த்தனர். அவர்கள் மூச்சு விட்டனர்; ஆயினும் விழுங்கும் செயல் பிசகியது, விழுங்கியது மூச்சுப் பாதைப் பக்கம் தவறிச் சென்றது. ஃபிளாஸ்கோடு நிற்கும் நம்மை நர்ஸ் தடுப்பது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா? மூச்சு வந்து விட்டது என்பதால் தொண்டையும் தேறி விட்டது என்று கொள்ளலாகாது.

இதை அறிவதற்கு மருத்துவர்கள் நாடுவது கட்டை விரலை. மணிக்கட்டில் நரம்பின் மீது இரண்டு விநாடிகளில் நான்கு மின் துடிப்புகள் கொடுத்து, நான்காவது அசைவை முதலாவதோடு ஒப்பிடுவார்கள். 1970இல் இம்முறையை வெளியிட்டவர்கள் லிவர்பூலைச் சேர்ந்த அலி, அட்டிங், கிரே ஆகிய மூவர். நான்காவது அசைவு முதலாவதில் பத்தில் ஏழு பங்கு இருந்தால் போதும் என்று முன்பு கருதினர். பத்தில் ஒன்பதாவது வேண்டும் என்பதே இன்றைய அளவுகோல். தலையை ஐந்து விநாடி தூக்கச் சொல்லிப் பார்க்கும் பழைய சோதனை மட்டும் போதாது. எச்சத்தை முறிக்க நெடுங்காலமாக நியோஸ்டிக்மின் உள்ளது. 2008இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற சுகமாடெக்ஸ், ரோகுரோனியத்தையும் வெகுரோனியத்தையும் தனக்குள் சிறைப்படுத்தி விடுகிறது. ஆனால் விலைதான் கூடுதல்.

சில நிமிடங்களே நீடிக்கும் சக்சினைல்கோலின் என்ற மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதைச் சிதைக்கும் நொதி சில குடும்பங்களில் பரம்பரையாகக் குறைந்திருக்கும். அவர்களுக்குத் தளர்ச்சி மணிக்கணக்கில் நீளும். உங்கள் பெற்றோரோ உடன்பிறந்தோரோ சிறிய அறுவைக்குப் பின் நெடுநேரம் செயற்கைச் சுவாசத்தில் வைக்கப்பட்டிருந்தால், அறுவைக்கு முன்பே மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள். தசைச் சோர்வு நோய் இருந்தாலும் மறைக்காதீர்கள். அவர் மருந்தையும் அளவையும் தேர்வு செய்வது அதைக் கேட்ட பிறகுதான்.