சித்தியின் கைவலி

சிதம்பரத்தில் இருக்கும் என் சித்திக்கு முடக்குவாதம். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் விரல்கள் மடங்கா. மார்கழியில் வாசலில் கோலமிட இயலாது. ஆனால் கருவுற்றிருந்தபோது வலி மெல்ல மெல்லக் குறைந்தது. வளைகாப்பு முடிந்து கடலூருக்குப் பாட்டி வீட்டுக்கு வந்தவர், தாமே மல்லிகை தொடுத்தார். நோய் போய்விட்டதென்று எல்லாரும் மகிழ்ந்தோம். குழந்தை பிறந்த இரண்டாம் மாதம் வலி முன்னிலும் கடுமையாகத் திரும்பியது. "பச்சைத் தண்ணீரில் கை வைத்தாள், பத்தியம் காக்கவில்லை" என்று பழி சித்திமேல் விழுந்தது.

அது நியாயமா, தோழியரே?

கிருமிகளை எதிர்க்கும் காவற்படை ஒன்று நம் உடலில் உண்டு. அது மயங்கிச் சொந்த உடலையே தாக்குவது தன்னுடல் தாக்குநோய். முடக்குவாதத்தில் மூட்டுகளின் உட்சவ்வு தாக்கப்படுகிறது. இது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதி. தோல், சிறுநீரகம் முதலியவற்றைத் தாக்கும் லூபஸ் நோயிலோ பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் பூப்பெய்திய பின், பிள்ளை பெறும் வயதினர்.

பெண்களிடம் மிகுதியாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன், எதிர்ப்பொருள்களை உண்டாக்கும் வெள்ளணுக்களை ஊக்குகிறது. ஆண்களின் டெஸ்டோஸ்டீரோன் பெரும்பாலும் அடக்குகிறது. (இது மட்டுமே காரணமன்று, பெண்களுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு இருப்பதற்கும் இதில் பங்குண்டு.)

அப்படியானால் ஈஸ்ட்ரோஜன் பெருகும் கர்ப்பகாலத்தில் சித்தியின் வலி ஏன் குறைந்தது? அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச் 1930களில் இதே புதிரைக் கண்டார். அவரது தேடல் 1948இல் கார்ட்டிசோன் சிகிச்சைக்கு வழிவகுத்தது. 1950இல் நோபல் பரிசும் கிடைத்தது. கருவில் பாதி தந்தையின் கூறு. அதைத் தாயின் காவற்படை அந்நியமென்று தாக்கலாகாது. எனவே புரோஜெஸ்டிரோன், மிக உயர்ந்த அளவிலான ஈஸ்ட்ரோஜன், கார்ட்டிசால் ஆகியவை சேர்ந்து, மூட்டைத் தாக்கும் அணுக்களையும் அமைதிப்படுத்துகின்றன. பிரசவமானதும் இவை சட்டென வீழ்கின்றன. படை மீண்டும் எழுகிறது. பச்சைத் தண்ணீருக்கு இதில் வேலையில்லை!

லூபஸில் இந்தச் சலுகை கிடைப்பதில்லை. எதிர்ப்பொருள்களே அங்கே முதன்மையானவை. கர்ப்பத்தில் நோய் கிளர்ந்தெழவும் கூடும். ஆகவே நோய் ஆறு மாதமாவது அடங்கியிருந்த பின்பே கருவுற வேண்டும் என்பர் மருத்துவர். வெயிலில் சென்றால் இரு கன்னமும் மூக்கும் சேரச் சிவந்து தடிப்பதும், வாரக்கணக்கில் மூட்டுகள் வலிப்பதும் கண்டால் அம்மாவிடம் உடனே சொல்லுங்கள்.

சித்தி இப்போது புதுவை ஜிப்மரில் சிகிச்சை பெறுகிறார். அடுத்த குழந்தைக்கு முன்பே மருத்துவரைக் கேட்டு, கருவுக்குத் தீங்கான மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை நிறுத்தி, வேறு மருந்துக்கு மாறிக்கொண்டார். பிரசவத்துக்குப் பின் எந்த வாரம் வர வேண்டுமென்பதையும் சீட்டில் எழுதி வாங்கி வைத்திருக்கிறார்.